பொறுமை இல்லாதது யாருக்கு?

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது சார். கையில போன் வந்தப்புறம் எவன் உக்காந்து ரெக்கையை ஒட்டப்போறான்?"

ஸ்கேல் மாடல் செய்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. விமானம், கப்பல், டாங்கி, கார் என்று அசல் ஒன்றை 72-இல் ஒரு பங்காகவோ 35-இல் ஒரு பங்காகவோ சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்து உருவாக்குகிற கலை இது. இதில் ஊறிப்போனவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். அதனால் இது நம்மோடு முடியப்போகிற கலை, பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, அவர்களை இதற்குள் இழுக்கப் பார்ப்பது வீண்வேலை என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கடைக்காரர் இதைச் சொல்கிறார். பெற்றோர் தலையாட்டுகிறார்கள். பிள்ளைகளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. நாம் செய்யத் தவறியதற்குப் பிள்ளைகள் மேல் பழி போடுகிற பேச்சு இது.

பொறுமை இல்லை என்பவர்கள் யூடியூபில் ஒரு மணி நேரம் தேடிப் பார்க்கட்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பஸ் என்றால் உயிரை விடுகிற பிள்ளைகள் ஃபோம் ஷீட் வாங்கித் தங்கள் ஊர் வழியே ஓடும் அரசுப் பேருந்தையும் தனியார் பேருந்தையும் அச்சு அசலாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கிட் இல்லை. வார்த்தெடுத்த பாகங்கள் இல்லை. எதை எதோடு ஒட்டுவது என்று சொல்லும் தாளும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று நாலு பக்கமும் போட்டோ எடுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி, அதிலிருந்து அளவு பிடிக்கிறார்கள். கட்டர் பிளேடால் ஜன்னலை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். மூலையில் பிளேடு ஒரு மில்லிமீட்டர் தாண்டினாலும் அந்தப் பக்கச் சுவர் முழுவதும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. படிக்கட்டு, பிடித்துக்கொள்ளும் கம்பி, டிரைவர் தலைக்கு மேல் சாமி படம், பின்கண்ணாடி ஸ்டிக்கர், பேட்டரியில் எரியும் இண்டிகேட்டர் என்று ஒன்றையும் விடுவதில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறார்கள். பள்ளியில் படிப்பவர்களும் பாலிடெக்னிக்கில் படிப்பவர்களும்தான் இதில் அதிகம். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அந்தப் போனில்தான் அளவெடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், அதிலேதான் செய்து முடித்ததை உலகத்துக்குக் காட்டுகிறார்கள்.

கிட் எதுவும் இல்லாமல் அளவு பிடித்து, வெறும் தகட்டிலிருந்து செய்வதை நம் கலையில் ஸ்க்ராட்ச் பில்டிங் என்கிறோம். இருபது வருஷம் மாடல் செய்தவர்களே அதைத் தொடத் தயங்குவார்கள். அந்த உச்சியில் தாங்களாகவே ஏறி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பொறுமை இல்லாதவர்கள் என்கிறோம். அவர்கள் நம் கண்காட்சிக்கு ஏன் வரவில்லை? நாம் கூப்பிடவில்லை. பஸ்ஸை நாம் மாடல் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரையும், கண்ணாடித் துண்டில் குளமும், தீப்பெட்டியில் வீடும், மேலே மலையும் கோயிலுமாகப் 'பார்க்' போடுகிற பிள்ளைகளையும் இப்படித்தான் விட்டுவிட்டோம். ஒரு காட்சியையே சுருக்கி அமைப்பதை டயோராமா என்கிறோம்; அது முழுமையான டயோராமா. நம் கிளப்பில் யாராவது அதைப் போய்ப் பார்த்திருப்போமா?

சரி, உள்ளூர் இருக்கட்டும். மேல்நாட்டில் இந்தக் கலை செத்துக்கொண்டிருக்கிறதே என்பார்கள். அங்கே நடப்பதைப் பார்ப்போம். 1975-இல் தொடங்கி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் என்ற கம்பெனி வார்ஹாமர் விளையாட்டுக்கான குட்டிப் படைவீரர்களை விற்கிறது. பெட்டிக்குள் இருப்பது சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கும் துண்டுகள். வாங்குகிறவர் அவற்றை வெட்டி, ஒட்டி, கண்மணி வரைக்கும் சன்னமான பிரஷ்ஷில் தீட்ட வேண்டும். செய்து முடிக்காத பொருளைக் காசு கொடுத்து வாங்கி, தன் கையால் வாரக்கணக்கில் பாடுபட ஆள் இருப்பதால்தான் அந்தக் கம்பெனி 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் 100 கம்பெனிகள் பட்டியலில் இடம் பிடித்தது. அதன் கடைக்குள் புதிதாக ஒரு பையன் நுழைந்தால் ஒரு வீரனை இலவசமாகக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, பிரஷ் பிடிக்கக் கற்றுத் தருகிறார்கள். பள்ளிக்கூடங்களில் நடக்கும் கிளப்புகளுக்கும் பொருள் அனுப்புகிறார்கள். அந்த வாசலில் கூட்டம் நிற்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஜப்பானில் கதை இன்னும் பெரியது. 1980-இல் பாண்டாய் நிறுவனம் தொலைக்காட்சியில் வந்த கண்டம் ரோபோவை 1/144 அளவில் 300 யென்னுக்குப் பிளாஸ்டிக் கிட்டாகக் கொண்டுவந்தது. அப்போது பசை வேண்டும், பெயின்ட் வேண்டும். பிறகு அவர்கள் செய்த வேலைதான் முக்கியம். பசையே இல்லாமல் அழுத்தினால் பொருந்தும்படி செய்தார்கள். பல நிறப் பிளாஸ்டிக்கை ஒரே சட்டத்தில் வார்த்து, பெயின்ட் அடிக்காமலே நிறம் வரும்படி செய்தார்கள். 2020-இல் வந்த என்ட்ரி கிரேட் கண்டத்துக்குப் பாகங்களை வெட்டியெடுக்கும் நிப்பர்கூட வேண்டாம். பாகங்கள் விரலால் திருகினாலே கழன்று வரும். நாற்பது வருஷமாக ஒரு நிறுவனம் உட்கார்ந்து, முதல் முறை வருகிற பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று யோசித்து, அந்தத் தடையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறது. அப்படி உள்ளே வந்தவர்களில் பலர் பிறகு ஏர்பிரஷ் வாங்குகிறார்கள், மூட்டுகளைத் தேய்த்துக் கோடு மறைக்கிறார்கள், துருவும் சேறும் ஏற்றுகிறார்கள். முதல் நாளே அதைக் கேட்டிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் நம் மூத்தவர்கள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: "அதெல்லாம் பொம்மை. ஒரிஜினல் மாடலிங் கிடையாது." ரோபோ பொம்மை, வார்ஹாமர் விளையாட்டு, அழுத்திப் பொருத்துவது குழந்தை வேலை, 1/35 டாங்கிதான் உண்மையான மாடல் என்று அடித்துச் சொல்வார்கள்.

1/35 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் மர வியாபாரத்தில் தொடங்கி, மர மாடல்களுக்கு மாறி, 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு வந்தது. 1961-இல் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும்படி கொண்டுவந்தார்கள். உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவில் டாங்கியைச் செய்தார்கள். அது நன்றாக விற்றது. அடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்யலாம் என்று அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ 35-இல் ஒரு பங்கு வந்தது. நிறுவனத்தை வளர்த்த ஷுன்சாகு தமியாவே இதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இன்று உலகமெங்கும் பெரியவர்கள் பயபக்தியோடு பேசுகிற அந்த அளவு, தரையில் விட்டு ஓட்டிப் பார்க்கிற பிள்ளைகளுக்காக, பேட்டரியின் நீளத்தை வைத்து முடிவானது. பொம்மையிலிருந்து வந்தவர்கள் பொம்மையைப் பழிப்பது எந்த நியாயம்?

1/72 கதையையும் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. அடுத்த மாதமே அதன் கடற்படை உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் விமான மாடல்கள் கேட்டது. 50 வகை விமானம், வகைக்கு 10,000. வானத்தில் தெரிவது எதிரி விமானமா நம்முடையதா என்று வீரர்களுக்குப் பழக்க அவை தேவைப்பட்டன. 1/72 அளவில் செய்த மாடலை 35 அடி தள்ளிப் பிடித்தால் ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் பறக்கும் அசல் விமானம் போலத் தெரியும். வரைபடங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் மரக்கட்டையைச் செதுக்கி, அட்டையில் வெட்டிய அச்சை வைத்து வளைவைச் சரிபார்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். அளவு தப்பினால் ஏற்கமாட்டார்கள். அன்றைய பெரியவர்களும் ரேடியோவும் காமிக்ஸும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே பிள்ளைகளிடம் வேலையை நம்பிக் கொடுத்தபோது செய்தார்கள். போருக்காகக் கேட்டதை நான் கொண்டாடவில்லை. நம்பிக் கேட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

போருக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1952-இல் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் கோல்டன் ஹைண்ட் என்ற கப்பலின் கிட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு காகித அட்டை மடித்துக் குத்தி, வூல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. சில ஆண்டுகளுக்குள் ஸ்பிட்ஃபயர் போர் விமானமும் வந்தது. பையனின் கைச்செலவுக் காசில் வாங்கலாம். ஒரு சனிக்கிழமையில் முடிக்கலாம். தப்பாகப் போனால் அடுத்த வாரம் இன்னொன்று வாங்கலாம். ஒரு தலைமுறை அப்படித்தான் உள்ளே வந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், சம்பாதித்தார்கள், இந்தக் கலையை விடவில்லை. கம்பெனிகள் அவர்கள் பின்னாலேயே போயின. பாகங்கள் கூடின, பித்தளைத் தகடுகள் சேர்ந்தன, உள்ளே எஞ்சினும் வயரும் வந்தன. இன்றைக்கு ஆயிரம் பாகத்தைத் தாண்டுகிற 1/35 டாங்கிகள் இருக்கின்றன. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகக் கோக்க வேண்டும். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் எல்லாமே முதல் தலைமுறையின் வயதோடும் வருமானத்தோடும் சேர்ந்து உயர்ந்தபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை கால் வைக்கிற கீழ்ப்படி காணாமல் போனது. படியை எடுத்தவர்களே ஏற ஆள் வரவில்லை என்கிறார்கள்.

இந்தியாவில் அந்தப் படி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. சுங்கவரிக் கணக்கில் ஸ்கேல் மாடல் பொம்மை என்ற தலைப்பிலேயே வருகிறது. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. ஆயிரம் ரூபாய் பெறுமான கிட்டுக்கு வரி மட்டும் எழுநூறு ரூபாய், அதன்மேல் மற்ற வரிகள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம். உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி என்கிறார்கள். 1/72 விமான கிட்டை நம் நாட்டில் வார்த்து, ஊர்க்கடைகளில் பிள்ளைகள் வாங்கும் விலையில் வைத்துக் காட்டினால் நானே அந்த வரிக்கு ஆதரவாக எழுதுகிறேன். அது நடக்காதவரை, ஒரு ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்கு இந்தக் கலை எட்டாமல் போவதற்குக் காரணம் அவன் கையிலிருக்கும் போன் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

விலையைக் குறைப்பது நம் கையில் இல்லை. நாக்கைக் கட்டுவது நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு மாடல் கண்காட்சியில் நான் பார்த்தது இது. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கிற பையன், அப்பாவோடு வந்திருந்தான். ஷூ அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்து ஒரு விமானம் கொண்டுவந்திருந்தான். ஏர்ஃபிக்ஸ் நேட், 1/72, உள்ளங்கை அளவுதான். பிரிட்டிஷ் விமானப் படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழுவின் சிவப்பு அடித்துச் செய்ய வேண்டிய கிட். அவன் சிவப்பு அடிக்கவில்லை. வெள்ளி நிறம் அடித்து, காவி, வெள்ளை, பச்சை வட்டங்களைக் கையால் வரைந்திருந்தான். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் வானத்தில் நேட் விமானத்தில் போரிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோனுக்காகச் செய்தேன் என்றான். இந்திய விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர் அவர். பாடப்புத்தகத்துக்கு வெளியே அந்தப் பெயரைத் தேடிப் படித்திருக்கிறான்.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் விமானத்தைக் கையில் எடுத்தார், திருப்பினார், வைத்தார். "தம்பி, இது ட்ரெய்னர். ரெண்டு சீட்டு. நம்ம ஏர்ஃபோர்ஸ்ல ஓடினது ஒத்தை சீட்டு. இது தப்பு" என்றார்.

அவர் சொன்ன தகவல் சரி. அந்தக் கிட் இங்கிலாந்தின் இரட்டை இருக்கைப் பயிற்சி நேட். சேகோன் ஓட்டியது ஒற்றை இருக்கைப் போர் விமானம். ஆனால் பையன் பணத்துக்கு வாங்கக்கூடியதாகக் கடையில் இருந்த நேட் அது ஒன்றுதான். அந்த விமானத்தில் பார்க்க வேண்டியது வேறு. விமானியின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடிக் கூண்டு பளிங்குபோல் தெளிவாக இருந்தது. முதல் மாடல் செய்கிற யாரும் அங்கேதான் கெடுப்பார்கள்; ஃபெவிகுவிக்கைத் தொட்டால் போதும், அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். "இதை எப்படிப்பா ஒட்டினே?" என்று நான் கேட்டேன். "ஃபெவிகால் அங்கிள். ஈர்க்குச்சியால தொட்டு வெச்சேன். காய்ஞ்சா தெரியாது" என்றான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனே வேறொரு பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறான். கைதேர்ந்தவர்கள் செய்கிற முறையும் அதுதான். அதை அவனிடம் சொன்னேன். அதற்குள் அவன் பெட்டியை மூட ஆரம்பித்துவிட்டான். அதன்பிறகு அவனை எந்தக் கண்காட்சியிலும் நான் பார்க்கவில்லை.

இப்படி ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோமோ! ஒரு கோணல் இறக்கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பொறுமை நமக்கு இல்லை. சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நீலம் இருந்தால் நம்மால் தாங்க முடியவில்லை. தகவல் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. மாடலின் ஆணிகளைக்கூட எண்ணிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிடிவாதம் ஐந்தாவது மாடலுக்கோ பத்தாவது மாடலுக்கோ வரட்டும். அப்போது பிள்ளையே வந்து கேட்பான்.

வீட்டில் நடப்பது வேறு விதம். "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பது ஒரு குரல். அதே வீட்டில், பள்ளியில் ப்ராஜெக்ட் என்று மாடல் கேட்டுவிட்டால் அப்பா இரவு பன்னிரண்டு மணி வரை தெர்மோகோல் வெட்டுகிறார். முடியாவிட்டால் ஸ்டேஷனரி கடையில் ரெடிமேடாக எரிமலையோ சூரிய மண்டலமோ வாங்கிக் கொடுத்துவிடுகிறார். பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போவதோடு சரி. அழகாக இருப்பதற்கு மார்க்கும் விழுகிறது. கையால் ஒன்றைச் செய்ய நம் கல்வி பிள்ளைக்குக் கொடுக்கிற மிகச் சில வாய்ப்புகளில் ஒன்றையும் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் இவனுக்குக் கைவேலையே வராது என்கிறோம்.

இன்னொரு பக்கம், இந்தக் கலைக்காகப் பேசுகிறவர்களே பெற்றோரிடம் இதை விற்கிற விதமும் எனக்குச் சம்மதமில்லை. மாடல் செய்தால் இன்ஜினியர் ஆவான், ஐ.ஐ.டி.க்குப் போவான், கவனம் கூடும், மார்க் கூடும் என்கிறார்கள். பிள்ளையின் மேல் இன்னொரு டியூஷனை ஏற்றுகிற பேச்சு அது. கிரிக்கெட் விளையாடப் போகிற பிள்ளையிடம் நாம் பயன் கேட்பதில்லை. ஒட்டின இரண்டு பாதியும் ஒன்றாகி, நடுக்கோடு தேய்த்துத் தேய்த்து மறைந்து, விரலால் தடவினால் ஒன்றும் தட்டாதபோது வருகிற சந்தோஷம் ஒன்று இருக்கிறது. அது போதும். அதற்காகச் செய்கிற பிள்ளைதான் நிலைத்து நிற்பான்.

போன், கம்ப்யூட்டர் எதிரி என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் டாங்கி விளையாட்டுகளில் மூழ்கின பிள்ளைகள் அதே டாங்கியைக் கையால் செய்ய வருகிறார்கள் என்பதை இத்தாலியின் இத்தாலெரி கம்பெனி புரிந்துகொண்டு 'வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்' என்ற விளையாட்டின் பெயரிலேயே கிட் போட்டது. பாகம் உடைந்தால் கம்ப்யூட்டரில் வரைந்து முப்பரிமாணப் பிரின்டரில் எடுத்துக்கொள்கிற கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் தலைமுறைக்கு அது கனவிலும் இல்லாதது. ஏர்பிரஷ்ஷில் பெயின்ட் எவ்வளவு தண்ணியாக வேண்டும் என்பதை எனக்குக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. இன்று பத்து வயதுப் பிள்ளைகூட வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் ஐ.பி.எம்.எஸ். என்ற மாடலர் சங்கத்தின் கண்காட்சிகளில் 'மேக் அண்ட் டேக்' என்று ஒரு மேஜை போடுகிறார்கள். வருகிற பிள்ளைக்குக் கிட்டை இலவசமாகக் கொடுத்து, அங்கேயே உட்காரவைத்துச் செய்யச் சொல்லி, செய்ததை வீட்டுக்கு எடுத்துப்போக விடுகிறார்கள். பெரிய செலவில்லாத வேலை. நம் ஊரில் மாடல் செய்கிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். உங்கள் அலமாரியில் இந்தப் பிறவியில் தொடப்போகாத கிட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் சின்னதாக, பாகம் குறைந்ததாகப் பத்தை எடுத்து வையுங்கள். அடுத்த கண்காட்சியில் வாசலை ஒட்டின மேஜையைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். பக்கத்து பாலிடெக்னிக்கில் பஸ் செய்கிற பையன் யார் என்று விசாரித்து, அவன் பஸ்ஸை உங்கள் டாங்கிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பெற்றோர்களே, முதல் கிட் வாங்கும்போது பசை தேவைப்படாததாக வாங்குங்கள், பிளேடு பிடிக்கிற வயதா என்று பார்த்து முதல் நாள் கூட உட்காருங்கள், பிள்ளை கேட்கிற வரைக்கும் கையை நீட்டாதீர்கள். அவன் விமானத்துக்கு என்ன நிறம் அடித்தாலும், எப்படி அடித்தான் என்று கேளுங்கள். ஏன் அடித்தாய் என்று கேட்காதீர்கள்.